ஓநாய்க் கூட்டமும் ஒரு கிழட்டு மரமும்



பனியில் ஓநாய்கள் வரிசையாக நடந்து போகும் அந்தப் படம் உங்கள் எல்லோருக்கும் வந்திருக்கும். எனக்கே ஏழெட்டுப் பேர் அனுப்பிவிட்டீர்கள். முன்னால் போகும் மூன்றும் வயதானவை, நோயாளிகள். அவற்றின் வேகத்துக்குத்தான் மற்றவை நடக்கும். தலைவன் கடைசியில் காவலாக வருவான் என்று கீழே எழுதியிருக்கும். ஓய்வு பெற்ற எனக்கு அதை அனுப்பும் அன்பு புரிகிறது. ஆனால் அது கட்டுக்கதை. பள்ளிக் காலை வழிபாட்டில் அதை வாசித்ததாக இப்போது ஆசிரியராக இருக்கும் உங்களில் ஒருவர் எழுதியிருந்தார். பிள்ளைகள் காதுக்குப் போய்விட்டதால் இனியும் சும்மா இருக்க முடியவில்லை.

அந்தப் படம் கனடாவின் வுட் பஃபலோ தேசியப் பூங்காவில், பி.பி.சி.யின் 'ஃப்ரோசன் பிளானட்' தொடருக்காக சாடன் ஹண்டர் எடுத்தது. தொடர் வந்தது 2011-இல். மொத்தம் 25 ஓநாய்கள், காட்டெருமை வேட்டைக்குப் போகின்றன. குளிர் மைனஸ் 40 டிகிரியை ஒட்டி இருக்கும். முன்னால் நடப்பது நோயாளி அல்ல. கூட்டத்தை நடத்தும் பெண் ஓநாய். ஆழப் பனியில் அவள் தடம் போடுகிறாள், மற்றவை அதிலேயே கால் வைத்துத் தெம்பை மிச்சம் பிடிக்கின்றன. சேற்று வயலில் முன்னால் போகிறவர் கால் பதித்த குழியிலேயே நாமும் கால் வைத்துப் போவோமே, அதே கணக்குத்தான்.

சண்டை போட்டு ஜெயித்தவன்தான் தலைவன் என்ற பேச்சும் இப்படித்தான். 1947-இல் ருடால்ஃப் ஷெங்கல், சுவிட்சர்லாந்தின் பாசல் உயிரியல் பூங்காவில் அடைபட்ட ஓநாய்களைப் பார்த்து எழுதியது அது. முன்பின் தெரியாத நாற்பது பேரை ஒரே அறையில் பூட்டிவிட்டு, மனித குணம் இதுதான் என்று எழுதுவது மாதிரி. 1970-இல் டேவிட் மெக் எழுதிய புத்தகம் அதை உலகமெங்கும் கொண்டுபோனது. பிறகு அவரே கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் தீவுக்குக் கோடைதோறும் போய், காட்டு ஓநாய்களை அருகிலிருந்து கவனித்தார். ஒரு கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள்தான் என்று 1999-இல் எழுதினார். தன் பெயரால் பரவிய கருத்தைத் தானே திருத்த எத்தனை பேருக்கு மனம் வரும்?

அப்படியானால் கிழட்டு ஓநாய்க்கு மதிப்பே இல்லையா? உண்டு. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் 1995-இல் ஓநாய்களை மறுபடி கொண்டுவந்து விட்டார்கள். அவற்றின் எல்லைச் சண்டைகளைப் பல வருடம் கவனித்து 2015-இல் ஒரு ஆய்வு வந்தது. ஆறு வயது தாண்டிய ஓநாய் இருக்கும் கூட்டத்துக்கு ஜெயிக்கும் வாய்ப்பு கூடுகிறதாம். பல சண்டை பார்த்த அனுபவம்தான் காரணம் என்பது ஆய்வாளர்கள் கருத்து. இரக்கப்பட்டு முன்னால் விடுவதைவிட எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

மரத்தைப் பற்றியும் ஒன்று சுற்றுகிறது. 5,000 வயது மரம் என்று. அது கிட்டத்தட்ட சரிதான். கலிஃபோர்னியாவின் வெள்ளை மலையில் நிற்கும் பிரிஸில்கோன் பைன் மரம், பெயர் மெதுசெலா, வயது 4,800-க்கு மேல். நல்ல மண்ணில் வளர்வதால் வந்த ஆயுள் இல்லை. குளிர், வறட்சி, சத்தில்லாத பாறை நிலம். அதனால் மிக மெதுவாக வளர்கிறது, கட்டை இறுகி, பிசின் நிறைந்து, பூச்சியும் பூஞ்சையும் எளிதில் அண்டாததாகிறது. அடிமரத்தின் பெரும்பகுதி செத்துப்போனாலும் ஒரு பட்டை அகலத்துக்கு உயிருள்ள மரப்பட்டை இருந்தால் போதும், மேலே ஒரு கிளை பச்சையாக நிற்கும்.

இதே இனத்து மரம் ஒன்றை 1964-இல் நெவாடாவில் ஆராய்ச்சிக்காக அனுமதியோடு வெட்டினார்கள். எண்ணிப் பார்த்தால் 4,800-க்கு மேல் வளையங்கள். வெட்டிய பிறகுதான் வயது தெரிந்தது.

மெதுசெலா எங்கே நிற்கிறது என்று வனத்துறை வெளியே சொல்வதில்லை. ஆகவே 'இதோ மெதுசெலா' என்று படம் வந்தால், அனுப்பியவரிடம் எப்படித் தெரியும் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.