பார்க்காமல் வைத்த கையெழுத்து

"இஞ்சேரும், இதிலை ஒரு கையெழுத்து வையும்" என்றார் இவர். அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஈரக்கையைத் துடைத்துவிட்டு, அவர் காட்டிய இடத்தில் வைத்தேன். அது 2024 ஏப்ரல். அமெரிக்காவில் நாங்கள் சேர்ந்து கொடுத்த முதலாவது வருமான வரிப் படிவம்.

இவருக்கு எச்-1பி வேலை விசா. எனக்கு அவரைச் சார்ந்த எச்-4. வேலை செய்ய அனுமதியில்லை. வரிக்கென்று 9இல் தொடங்கும் ஓர் இலக்கம் பெற, கடவுச்சீட்டின் அத்தாட்சிப்படுத்திய பிரதியையும் சேர்த்து அனுப்பினோம். உழைப்பவர் ஒருவரே என்றால் சேர்ந்து கொடுப்பதில் இலாபம். 2023 வருமானத்தில் தம்பதியருக்கு 27,700 டொலர் கழிபட்டது. தனித்துக் கொடுத்தால் 13,850 தான்.

இலங்கையில் கணவனுக்கு ஒரு கோப்பு, மனைவிக்கு ஒரு கோப்பு. உழைக்காத எனக்கு இதில் என்ன என்று இருந்துவிட்டேன்.

அடுத்த வருடம் ஏனோ படிவத்தை வாசித்தேன். வெளிநாட்டில் வங்கிக் கணக்கு உண்டா என்ற கேள்விக்கு "இல்லை" என்றிருந்தது. யாழ்ப்பாணத்தில் அம்மா என் பெயரில் போட்ட ஐந்து இலட்சம் ரூபா நிலையான வைப்பு இருக்கிறதே! பழைய பிரதியைத் தேடி எடுத்தேன். அதிலும் "இல்லை"தான். கீழே என் கையெழுத்து.

இவர் மறைக்கவில்லை. மாமியின் காசு என்று விட்டுவிட்டார். ஆனால் சகோதரிகளே, சேர்ந்து கையொப்பமிட்டால் வரிக்கும் வட்டிக்கும் தண்டப்பணத்துக்கும் இருவருமே முழுப்பொறுப்பு. ஒருவரிடமே முழுவதையும் அறவிடலாம். மணமுறிவு ஏற்பட்டாலும் அந்தப் பொறுப்புத் தொடரும். கணவர் செய்த பிழையை அறியாத மனைவி நிவாரணம் கேட்க 8857 என்றொரு படிவம் உண்டு. தனக்குத் தெரியாது, தெரிந்திருக்க நியாயமும் இல்லை என்று அவள் காட்டவேண்டும். நான் எதைக் காட்டுவது? வைப்பே என்னுடையது.

இரண்டு நாள் வீட்டில் கதை குறைவு. பிறகு இருவருமாக இருந்து 1040-எக்ஸ் திருத்தப் படிவம் நிரப்பினோம். விட்டுப்போன வட்டிக்கு நாற்பது டொலர் அளவில் வரி வந்தது. விசா நீடிப்புக்குக் காத்திருந்த எங்களுக்கு அதைக் கட்டிய பிறகுதான் நித்திரை வந்தது.

அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "நான் ஆடு வித்துப் போட்ட காசுக்கு அவங்களுக்கு ஏன் பிள்ளை வரி?" என்று கேட்டார். விளக்கப்போய்ப் பாதியில் விட்டுவிட்டேன். வட்டிச் சான்றிதழை வருடாவருடம் வாங்கி அனுப்பும்படி மட்டும் சொன்னேன்.