டவுன் பஸ் மனசோட ஃப்ளைட் ஏறுங்க!

திருச்சி டு சிங்கப்பூர். பறக்கிற நேரம் சுமார் 4 மணி நேரம். முதல் தடவை ஃப்ளைட் ஏறப் போறீங்களா ஃப்ரெண்ட்ஸ்? ஜன்னல் சீட், செல்ஃபின்னு கனவு காணறதுக்கு முன்னாடி, கூட யாரெல்லாம் வர்றாங்கன்னு கொஞ்சம் கவனிங்க.

2024-ல் திறந்த புது டெர்மினல் வாசலிலேயே பாதிக் கதை தெரிஞ்சிடும். கட்டட வேலைக்குப் போகிற அண்ணன்கள், பேரனைப் பார்க்கப் போகும் பாட்டிகள், வழியனுப்ப வேன் நிறைய சொந்தக்காரங்க. அழுது முடிச்ச கண்ணோடதான் பல பேர் உள்ளே வர்றாங்க.

ஃப்ளைட்டுக்குள் நடுவில் ஒரே ஒரு வழி. இந்தப் பக்கம் 3 சீட், அந்தப் பக்கம் 3 சீட். மொத்தம் சுமார் 180 பேர் உட்காரலாம். கிட்டத்தட்ட நம்ம ஊர் பஸ் மாதிரிதான். ஆனா, பஸ்ஸில் முன்பின் தெரியாதவர் பையை வாங்கி மடியில் வச்சுக்கிற நாம, இங்கே மட்டும் ஏன் விறைப்பாயிடறோம்?

பக்கத்து சீட் அண்ணன் பெல்ட்டோட மல்லுக்கட்டிட்டு இருப்பார். டவுன் பஸ்ஸில் ஏது பெல்ட்? சிரிச்சிடாதீங்க. சத்தமா பாடம் நடத்தவும் வேணாம். உங்க பெல்ட்டை அவர் பார்க்கிற மாதிரி மெதுவா மாட்டுங்க. கத்துக்குவார், மானமும் மிச்சம்!

இறங்கும் நேரத்தில் கைக்குழந்தை வீறிட்டு அழுதா 'உச்' கொட்டாதீங்க. இதில் ஒரு இன்ஜினீயரிங் மேட்டர் இருக்கு. 35,000 அடியில் பறந்தாலும், கேபினுக்குள் காற்றழுத்தம் ஏறக்குறைய ஊட்டியில் இருக்கிற அளவுக்கு வச்சிருப்பாங்க. இறங்கும்போது, அரை மணி நேரத்துக்குள் ஊட்டியிலிருந்து மெரினாவுக்கு வந்த மாதிரி. அழுத்தம் ஏற ஏற காது அடைச்சு வலிக்கும். நாம எச்சில் விழுங்கி, கொட்டாவி விட்டுச் சமாளிப்போம். குழந்தைக்கு அது தெரியுமா? அம்மா பால் கொடுத்தா, விழுங்க விழுங்க அடைப்பு விடும். அந்த நேரத்தில் நீங்க முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டாலே பெரிய உதவி.

சீட்டைச் சாய்க்கணுமா? ஒரு தடவை திரும்பிப் பாருங்க. பின்னாடி சாப்பிட்டுட்டு இருந்தா பொறுங்க. நடு சீட்காரருக்கு ஜன்னலும் இல்லை, கால் நீட்ட வழியும் இல்லை. கை வைக்கிற ரெண்டு இடத்தையும் அவருக்கே விட்டுடுங்க.

சக்கரம் தரையைத் தொட்டதுமே 'டக் டக்'னு பெல்ட் கழட்டுற சத்தம் ஆரம்பிச்சிடும். எழுந்து நின்னு என்ன பிரயோஜனம் பாஸ்? பாட்டில் வாய் சின்னதா இருந்தா, தண்ணி கொஞ்சம் கொஞ்சமாத்தான் வரும். முந்தி ஓடினாலும் பெட்டி வர்ற வரைக்கும் காத்திருக்கத்தான் போறீங்க. அந்த ரெண்டு நிமிஷத்தில், மேலே கை எட்டாத பாட்டியோட பையை இறக்கிக் கொடுக்கலாமே!

லீவுக்கு ஊருக்கு வந்துட்டு அந்த பெல்ட் அண்ணன் திரும்பவும் இதே ஃப்ளைட்டில் ஏறுவார். பக்கத்தில் ஒரு புதுப் பையன் பெல்ட்டோட திணறிட்டு இருப்பான். அண்ணன் சிரிப்பாரா, மெதுவா மாட்டிக் காட்டுவாரா? அது இன்னிக்கு உங்க கையில்தான் இருக்கு!