பறவைகள் குடியிருக்கும் மாளிகை



மூங்கிலும் துறையும் பெயரிலேயே சேர்ந்தமைந்த எங்கள் மூங்கில்துறைப்பட்டு, தென்பெண்ணையாற்றின் கரையில் கரும்பு வயல்களுக்கு நடுவே இருக்கிறது. கூட்டுறவுச் சர்க்கரை ஆலைதான் ஊருக்கு அடையாளம். வானம் தெளிந்த நாளில் கல்வராயன் மலைத்தொடர் நீலக்கோடாகத் தெரியும். மாலை நேரத்தில் பள்ளிவாசல் மினாராவைச் சுற்றி உழவாரக் குருவிகள் வட்டமிடும். அவற்றை நாங்கள் யாரும் நிமிர்ந்து பார்த்ததில்லை. அவற்றின் இனத்தைச் சேர்ந்த ஒரு பறவையின் கூடு தங்கத்தைப் போல எடைபோட்டு விற்கப்படுகிறது என்ற செய்தி ஊருக்குள் வரும்வரை.

அச்செய்தியைக் கொண்டுவந்தவர், மலேசியாவில் சில ஆண்டுகள் வேலை பார்த்துத் திரும்பிய இளைஞர் ஒருவர். பாட்டனார் காலத்து மச்சு வீட்டின் சன்னல்களை அடைத்து, உள்ளே ஒலிபெருக்கி வைத்தால் பறவைகள் தாமே வந்து கூடு கட்டும் என்றார் அவர். மனைவியின் நகைகளை விற்று அந்தப் பணத்தைப் போடுவதென்று வீட்டில் பேச்சு நடந்தது. நான் உறவினர் திருமணத்திற்காகப் பினாங்கு செல்லவிருப்பதை அறிந்த அவருடைய தாயார், "ஹஸ்ரத், நீங்க நேர்ல பார்த்துட்டு வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா அவன் கேப்பான்" என்றார். ஒரு குடும்பத்தின் சேமிப்பு என் வார்த்தையை நம்பி நின்றது. ஆகவே உல்லாசப் பயணியாக அன்றி, ஓர் அமானிதத்தைச் சுமந்தவனாகவே கடல் கடந்தேன்.

பினாங்கின் தெருக்களில்

ஜார்ஜ்டவுன் நகரம் நமக்கு அந்நியமானதன்று. சூலியா தெருவும், நாகூர் தர்காவும், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் தமிழ் முஸ்லிம்கள் அங்கே ஊன்றிய வேர்களுக்குச் சாட்சிகள். கடையநல்லூர், தென்காசி, நாகூர், இராமநாதபுரம் என்று நம் ஊர்ப் பெயர்கள் அங்குள்ளோர் பேச்சில் இன்றும் புழங்குகின்றன.

அந்நகரின் பழைய கடைவீடுகள் பலவற்றில் ஒரு காலத்தில் மனிதர்கள் வசிக்கவில்லை, பறவைகள் வசித்தன. 1997-98ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடிக்குப் பின் வெறுமையாய்க் கிடந்த கட்டடங்களைப் பலர் பறவை வீடுகளாக மாற்றினர். விடிந்தது முதல் இருட்டும் வரை ஒலிபெருக்கிகள் பறவைக் குரலை எழுப்பின. அண்டை வீட்டார் இரைச்சலையும் நாற்றத்தையும் குறித்து முறையிட்டனர். 2008ஆம் ஆண்டு யுனெஸ்கோ அந்நகரை உலக மரபுச் சின்னமாக அறிவித்த பிறகு, மரபு வட்டாரத்திலிருந்த பறவை வீடுகளை 2013ஆம் ஆண்டின் இறுதிக்குள் அகற்றுமாறு மாநில அரசு ஆணையிட்டது. அண்டை வீட்டாரின் உரிமையைக் குறித்து நம் மார்க்கம் எவ்வளவு வலியுறுத்துகிறது என்பதை அறிந்த நமக்கு, இது வெறும் நகராட்சிச் செய்தியாகத் தோன்றாது.

இருட்டறைக்குள் ஒரு மணி நேரம்

எனக்குப் பறவை வீட்டின் உட்புறத்தைக் காணும் வாய்ப்பு கிடைத்தது பேராக் மாநிலத்தின் சித்தியவான் பகுதியில். கடையநல்லூரைப் பூர்வீகமாகக் கொண்ட ஒருவர், சீன நண்பரோடு கூட்டாக நடத்தும் வீடு அது. காலை பத்து மணிக்கு அழைத்துச் சென்றார். பறவைகள் இரை தேடப் போயிருக்கும் பகற்பொழுதில் மட்டுமே மனிதர் உள்ளே போகலாம் என்பது முதல் விதி.

வெளியிலிருந்து பார்த்தால் சன்னலே இல்லாத மூன்றடுக்குச் சிமெண்டுப் பெட்டி. உச்சியில் மட்டும் பறவைகள் நுழைவதற்கு ஒரு சதுரத் திறப்பு. கீழே மனிதர் நுழையும் கதவருகே எறும்பு ஏறாதபடி நீர் நிரப்பிய சிறு வாய்க்கால். உள்ளே கால் வைத்ததும் கண் இருண்டது. ஈரக்காற்று முகத்தில் அப்பியது. எச்சத்தின் நெடி மூக்கைத் துளைத்தது.

வாசகர்களே, அந்த இருட்டும் ஈரமும் தற்செயலாக அமைந்தவை அல்ல. சாராவாக்கின் நியா குகையிலும் சபாவின் கோமந்தோங் குகையிலும் இப்பறவை வாழும் சூழலைச் சுவருக்குள் படைக்கும் முயற்சி அது. வெப்பம் 27 முதல் 29 டிகிரி வரையிலும், காற்றின் ஈரப்பதம் 80 முதல் 90 சதவீதம் வரையிலும் இருக்க வேண்டுமாம். சுவரில் தொங்கிய கருவியை விளக்கொளியில் காட்டி நண்பர் சொன்னார்: "ஹஸ்ரத், இந்த முள்ளுதான் எங்களுக்கு முதலாளி. ஈரம் குறைஞ்சா கூடு சுவரை விட்டுப் பேர்ந்து விழும். ஈரம் மிஞ்சினா பலகை பூஞ்சை பிடிக்கும், பறவை அந்தப் பலகையைத் தொடாது."

கூரையின் அடியில் மரப்பலகைகள் கட்டம் கட்டமாய் அறையப்பட்டிருந்தன. இப்பறவையின் கால்கள் கிளையில் அமரப் பயன்படாதவை; சுவரையும் பலகையையும் பற்றித் தொங்க மட்டுமே வல்லவை. பலகைகளின் மூலைகளில், பாதிக் கிண்ணத்தைப் போல, வெண்மையான கூடுகள் ஒட்டியிருந்தன. நாக்கின் அடியிலுள்ள சுரப்பிகளில் ஊறும் உமிழ்நீரை நூல் நூலாக இழைத்து, ஒரு மாதத்துக்கும் மேலாகப் பாடுபட்டு அப்பறவை கட்டும் வீடு அது. ஒரு கூட்டின் எடை பத்து கிராமைக்கூட எட்டுவது அரிது. ஒரு கிலோ சேர நூறு கூடுகளுக்கு மேல் வேண்டும்!

சில பறவைகள் உள்ளேயே இருந்தன. கும்மிருட்டில் 'டிக் டிக்' என்று ஒலியெழுப்பிக்கொண்டு எங்கள் தலைக்கு மேலே சுற்றின. அந்த ஒலி சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கொண்டே அவை வழியறிகின்றன. வௌவாலின் ஒலி மனிதச் செவிக்குப் பெரும்பாலும் எட்டாது. இதன் ஒலியோ நமக்கும் கேட்கிறது. ஸுப்ஹானல்லாஹ்!

இரத்தக் கூடும் உண்மையும்

சில கூடுகள் செந்நிறமாயிருக்கும். உமிழ்நீர் தீர்ந்த பறவை தன் இரத்தத்தையே கக்கிக் கட்டியது அது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. அதற்கு விலையும் அதிகம். 2011ஆம் ஆண்டு, மலேசியாவிலிருந்து சென்ற செந்நிறக் கூடுகளில் நைட்ரைட் என்னும் வேதிப்பொருள் அளவுக்கு மீறி இருப்பதைச் சீனா கண்டறிந்து இறக்குமதியை நிறுத்தியது. விலை சரிந்தது, கடன் வாங்கிக் கட்டடம் எழுப்பியவர்கள் கலங்கினர்.

பின்னர் ஆராய்ந்தவர்கள் கண்டது என்ன? செந்நிறத்துக்குக் காரணம் இரத்தமன்று. தரையில் குவிந்த எச்சத்திலிருந்து எழும் ஆவி, வெப்பமும் ஈரமும் மிகுந்த காற்றில் கூட்டின் புரதத்தோடு வினைபுரிவதால் விளையும் நிறம். அதாவது, வீட்டின் உட்புறத் தூய்மைக்கும் கூட்டின் தன்மைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. எச்சத்தை உரிய காலத்தில் அகற்றாதவர் வீட்டில் கூடும் கெடுகிறது. 'தூய்மை ஈமானில் பாதி' என்று பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் நான், அந்த இருட்டறையில் அதற்கு ஒரு விளக்கம் கண்டேன்.

இக்கூடு ஹலாலா என்று இல்லத்தரசியர் கேட்கலாம். இந்தோனேசிய உலமா சபை 2012ஆம் ஆண்டு வெளியிட்ட ஃபத்வாவில், கூடு தூய்மையானது, ஆகுமானது என்றும், நஜீஸ் கலந்திருந்தால் முறைப்படி தூய்மை செய்த பின்னரே உண்ண வேண்டும் என்றும் தீர்ப்பளித்துள்ளது. இறகுகளைச் சிறு சாமணத்தால் ஒவ்வொன்றாக எடுக்கும் பெண்கள் அவ்வீட்டின் பக்கத்துக் கொட்டகையில் குனிந்தபடி அமர்ந்திருந்ததைப் பார்த்தேன்.

எப்போது பறிப்பது?

எனக்கு மிகவும் உறுத்திய கேள்வி இதுவே. முட்டையிடுமுன் கூட்டைப் பறித்தால் பறவை மீண்டும் கட்டும். முட்டையோடும் குஞ்சோடும் பறிப்பது கொடுமை. இரண்டு முட்டைகள், அடைகாக்க மூன்று வாரத்துக்கு மேல், குஞ்சு பறக்க மேலும் சுமார் நாற்பது நாள். பொறுத்திருந்து, குஞ்சு பறந்த பின் எடுப்பவருக்கு அடுத்த பருவத்தில் அக்குஞ்சும் அங்கேயே வந்து கூடு கட்டக்கூடும்.

இந்தப் பொறுமை நம் நாட்டிலும் சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. வடஅந்தமானின் சாலிஸ் ஏக் குகைகளில் கூடு திருட்டால் பறவைகள் பெருமளவு அழிந்தன. பறவையியல் மேதை சாலிம் அலி அவர்களின் பெயரால் கோயம்புத்தூரில் இயங்கும் ஆய்வு மையத்தைச் சேர்ந்த டாக்டர் ரவி சங்கரன், வனத்துறையோடு இணைந்து, கூடு பறித்துப் பிழைத்தவர்களையே குகைக் காவலர்களாக ஆக்கினார். அவர் 2009ஆம் ஆண்டு காலமானார். அழித்த கைகளையே காக்கும் கைகளாக்கிய அந்த நற்செயல் நினைவில் நிற்கிறது. குஞ்சுகளை எடுத்து வந்த தோழர்களிடம், தாய்ப்பறவையின் துயரைக் கண்டு, அவற்றைத் திருப்பி வைக்கச் சொன்ன அண்ணலாரின் (ஸல்) பரிவு நமக்குத் தெரியும்தானே?

நம் மண்ணில் நடக்குமா?

ஊர் திரும்பிய நான் அந்தக் குடும்பத்தாரிடம் சொன்னது இதுதான். உண்ணத்தகும் கூடு கட்டும் இப்பறவை தென்கிழக்காசியக் கடலோரங்களுக்கும் அந்தமான் தீவுகளுக்கும் உரியது. நம் சமவெளியில் அது இல்லை. இல்லாத பறவையை எந்த ஒலிபெருக்கியும் அழைத்து வராது. நம் மினாராவைச் சுற்றும் நாட்டு உழவாரன் இறகையும் வைக்கோலையும் உமிழ்நீரால் ஒட்டிக் கூடு கட்டுவது. பனை உழவாரன் பனையோலையில் கட்டுவது. இரண்டும் உண்ணத் தகாதவை. மேலும் சித்திரை வெயிலில் நம் மச்சு வீட்டின் உட்புறத்தை அந்த ஈரத்தோடு வைத்திருக்கத் தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் ஆகும் செலவு, பறவை வருமுன்பே வீட்டைத் தின்றுவிடும். காட்டுப் பறவைகளின் கூட்டைக் கலைப்பதை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையாடுதலாகவே கருதுகிறது என்பதையும் எடுத்துரைத்தேன்.

இளைஞருக்கு முகம் வாடியது. "அங்க கண்ணால பார்த்தேனே ஹஸ்ரத்" என்றார். நானும் பார்த்தேன் தம்பி. அங்கே நடப்பது பொய்யன்று, அந்த மண்ணுக்கு உரியது அங்கே நடக்கிறது என்றேன். நகைகள் பெட்டிக்குத் திரும்பின. சில மாதங்களுக்குப் பின் அந்த மச்சு வீட்டைச் செப்பனிட்டு, ஒரு பகுதியை வாடகைக்கு விட்டார்கள்.

வெளிநாடு சென்று திரும்பும் நம் பிள்ளைகள் பணத்தோடு கனவுகளையும் கொண்டு வருகிறார்கள். அவற்றை ஏளனம் செய்யாதீர்கள்; அதே வேளையில் ஆராயாமல் கைப்பொருளை இறக்கவும் செய்யாதீர்கள். தொழில் எந்த மண்ணில் பிறந்தது, எந்தக் காற்றில் வளர்கிறது, யாருக்கு இடையூறு தருகிறது, எந்த உயிருக்குத் துன்பம் இழைக்கிறது என்ற நான்கையும் கேட்டறிந்த பிறகு முடிவெடுங்கள். ரிஸ்கை அளிப்பவன் இறைவன். அதைத் தேடும் வழியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு நம்முடையது.