விடிய விடிய வள்ளி கல்யாணம்!

"நண்பர் ஊரில் கல்யாணம். இரண்டு நாள் லீவு வேண்டும்" என்று எழுதிக் கொடுத்தேன்.

"பொண்ணு பேரு?" என்றார் மானேஜர்.

"வள்ளி சார்."

"மாப்பிள்ளை?"

"முருகன் சார்."

ஒரு நிமிஷம் முறைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நான் பொய்யா சொன்னேன்?

பக்கத்து சீட் நண்பருக்கு வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். அம்மன் கோயில் பொங்கலுக்கு வருஷா வருஷம் 'வள்ளி திருமணம்' நாடகம். சிவகாசியில் டவுன் பஸ் ஏறினோம். கரிசல் காடு, சீமைக் கருவேலம், கம்பி வேலிக்குள் தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன ரூம்கள். எல்லாம் பட்டாசு ஆலைகள். ஒன்று வெடித்தால் அடுத்ததற்குப் பரவக் கூடாது என்றுதான் அந்த இடைவெளியாம். நண்பர் சர்வ சாதாரணமாகச் சொன்னார். எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது.

வெம்பக்கோட்டை வைப்பாற்றங்கரை மேட்டில் 2022-ல் தொல்லியல் துறை தோண்ட ஆரம்பித்தது. சங்கு வளையல், சுடுமண் பொம்மை, வட்டச் சில்லு என்று நிறைய கிடைத்தன. ஆக, ஆட்டமும் கொண்டாட்டமும் இந்த மண்ணுக்குப் புதுசில்லை!

ஊருக்குள் நுழைந்தால் ஒரே பஞ்சாயத்து. "இந்த வருஷமாவது ஆடல் பாடல் வைங்கய்யா" என்று இளவட்டங்கள். "நாடகம்தான்" என்று பெரிசுகள். கடைசியில் நாடகமே ஜெயித்தது. தோற்ற கட்சியில் நம்ம நண்பரும் உண்டு!

ராத்திரி பத்து மணிக்கு ஆர்மோனியம் எழுந்தது. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் வேறு ஊர். தனித்தனியாகப் பேசி வரவழைப்பார்கள். அதனால் 'ஸ்பெஷல் நாடகம்'. ஒத்திகையே கிடையாது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) போட்டுக் கொடுத்த பாதை எல்லாருக்கும் மனப்பாடம்.

இந்த முருகன் வேஷத்துக்கு இந்தப் பக்கம் தனி மரியாதை. சிவகாசியில் 1886-ல் பிறந்த விஸ்வநாத தாஸ், மேடையில் சுதந்திரப் பாட்டுப் பாடியே பல தடவை ஜெயிலுக்குப் போனவர். 1940 டிசம்பர் 31 ராத்திரி, சென்னையில் முருகன் வேஷத்தோடு மேடையிலேயே உயிர் விட்டார்.

தெரிந்த கதையைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது நம்ம ஊர்ப் பழக்கம் மட்டும் என்று நினைக்காதீர்கள். சைக்காவ்ஸ்கி இசையமைத்த 'நட்கிராக்கர்' என்ற பாலே நாட்டிய நாடகம் ரஷ்யாவில் 1892 டிசம்பரில் அரங்கேறியது. அன்றைக்குப் பெரிய வரவேற்பில்லை. இன்றைக்கு அமெரிக்காவில் அது இல்லாமல் கிறிஸ்துமஸே இல்லை. நியூயார்க்கில் 1954-லிருந்து நடக்கிறது. சின்ன வயசில் அதில் ஆடிய பெண், இப்போது தன் மகளைக் கைப்பிடித்துக் கூட்டிப் போகிறாள். அங்கே பனி, இங்கே புழுதி. அவ்வளவுதான் வித்தியாசம்.

மணி இரண்டு. வள்ளி பரண் மேல் நின்று ஆலோலம் பாடிக் குருவி விரட்டுகிறாள். எனக்குக் கண்ணைச் சொக்கியது. நண்பரின் அம்மா கொட்டாவிகூட விடாமல் உட்கார்ந்திருந்தார். பட்டாசு ஆலையில் பீஸ் ரேட் வேலை. நாடகம் நின்றுவிடக் கூடாது என்று இந்த வருஷம் தன் பங்குக்கு ரெண்டு வரி கட்டியவராம். பாயில் பக்கத்து இடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தார். நண்பரின் அப்பா உட்காருகிற இடம். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் ஆலைக்கு வேலைக்குப் போனவர், வீடு திரும்பவில்லை.

"தெரிஞ்ச கதைதானேம்மா... போரடிக்கலையா?" என்று கேட்டேன். இப்போது நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

"தெரிஞ்ச கதைங்கதுதான் தம்பி நிம்மதி. எங்க பொழப்புல காலையில போனவுக சாயங்காலம் வருவாகளான்னு தெரியாது. இங்க அப்படியில்ல. வேடனா வரட்டும், கிழவனா வரட்டும், யானையே வந்து மிரட்டட்டும்... விடியறதுக்குள்ள கல்யாணம் நடந்துரும்ல?"

நண்பர் தலையைக் குனிந்துகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து போய், கமிட்டிக்காரர் நோட்டில் அடுத்த வருஷ நாடகத்துக்குத் தன் பேரை முதல் ஆளாக எழுதிவிட்டு வந்தார்.

கிழக்கு வெளுக்கும்போது முருகன் மாலை மாற்றினார். அம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் பாயைச் சுருட்டினார்.

மறுநாள் ஆபீஸில் மானேஜர் விடவில்லை. "என்னய்யா, கல்யாணம் நல்லபடியா நடந்துச்சா?"

"நடந்துச்சு சார். அடுத்த வருஷமும் நடக்கும்!"