மணற்குழி யாருக்காக?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்பது நாம் அறிந்த பழமொழி. ஆனால் ஆடத் தெரிந்தவருக்காகவே கூடத்தைக் கோணலாக அமைக்கும் விளையாட்டு ஒன்று உண்டு. அதுதான் கோல்ஃப். விழுப்புரத்து மாணவனுக்கும் கோல்ஃபுக்கும் என்ன சம்பந்தம் என்று நண்பர்கள் நகைக்கலாம். சற்றுப் பொறுங்கள், சொல்கிறேன்.

திண்டிவனத்தை அடுத்த சிற்றூர் என்னுடையது. பெற்றோர் கூலி வேலை செய்பவர்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை முதலில் மிதித்தவன் நான். நாள்தோறும் காலை ரயிலில் விழுப்புரம் வந்து படிக்கிறேன். சென்ற கோடை விடுமுறையில் பணம் தேவைப்பட்டது. சென்னையில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டும் என் தாய்மாமன் என்னையும் அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டார்.

கோல்ஃபில் மொத்தம் 18 குழிகள். ஒவ்வொன்றும் 11 சென்டிமீட்டர் அகலம்கூட இராது. குறைந்த அடிகளில் பந்தை அவற்றில் சேர்ப்பவரே வெற்றி பெறுவார். வழியில் 'பங்கர்' எனப்படும் பெரிய மணற்குழிகள் தடையாக இருக்கும். அந்த மணலைச் சமன் செய்வது என் வேலை.

ஒரு நாள் எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. ஒரு பாதையின் இடப்புறம், தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ 220 மீட்டர் தொலைவில் ஒரு மணற்குழி. புதிதாக ஆடுபவரின் பந்து அவ்வளவு தூரம் போவதே இல்லை. "யார் விழறதுக்கு மாமா இந்தக் குழி?" என்றேன்.

"அடிக்கத் தெரியாதவன் இங்க வரவே மாட்டான் மாப்ளே. இது அடிக்கத் தெரிஞ்சவனுக்குத் தோண்டினது. கிரீன்ல போய் நின்னு பாரு, புரியும்" என்றார்.

கிரீன் என்பது பந்து சேரவேண்டிய குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை. போய்ப் பார்த்தேன். தரை வலமிருந்து இடமாகச் சரிந்திருந்தது. வலப்புற முகப்பில் இன்னொரு மணற்குழி. வகுப்பில் படித்த சாய்தளம் நினைவுக்கு வந்தது. இடப்புறத்திலிருந்து வரும் பந்துக்கு ஏற்றம், விரைவில் நின்றுவிடும். வலப்புறத்திலிருந்து வருவதோ மணலைத் தாண்டி, இறக்கத்தில் விழுந்து உருண்டோடும். ஆகவே திறமைசாலிக்கு இடப்புறமே வேண்டும். அங்கேதான் முதல் மணற்குழி காத்திருக்கிறது! துணிந்து அதை ஒட்டி அடித்தால் அடுத்த அடி எளிது. அஞ்சி ஒதுங்கினால் அடுத்த அடி கடினம். எளியவரோ ஓர் அடி கூடுதலாகத் தட்டி, பத்திரமாகப் போய்ச் சேரலாம்.

வல்லவனைச் சோதிப்பது தூரம் மட்டுமன்று, தேர்வும்தான் என்று அன்று அறிந்தேன். மருத்துவராயிருந்து மைதானங்களை வடிவமைத்த அலிஸ்டர் மெக்கன்சி, ஆட்டக்காரர் பாபி ஜோன்ஸுடன் சேர்ந்து அமைத்த அமெரிக்காவின் அகஸ்டா மைதானம் (1933) இதற்குப் புகழ்பெற்ற சான்று.

நம் நாட்டிலும் சான்று உண்டு. 2016-இல் இந்திய ஓப்பன் போட்டி, புதர்கள் இருபுறமும் நெருக்கிய டெல்லி கோல்ஃப் கிளப்பில் நடந்தது. வென்றவர் எஸ்.எஸ்.பி. சௌராசியா. மறு ஆண்டு போட்டி குர்கானுக்கு மாறியது. கேரி பிளேயர் வடிவமைத்த அந்த மைதானத்தில் ஆழ்ந்த மணற்குழிகள், அலையலையான கிரீன்கள். அங்கும் அவரே ஏழு அடி வித்தியாசத்தில் வென்றார்! அவர் நெடுந்தூரம் அடிப்பவர் அல்லர், இடமறிந்து அடிப்பவர். அவருடைய தந்தை, 1829-இல் தோன்றிய ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் புல்தரை பராமரித்த தொழிலாளி.

வாழ்க்கைத் தடைகளும் இப்படியே என்று எழுதி முடிக்க ஆசைதான். ஆனால் அது உண்மையாகாது. வறுமை வல்லவனுக்காக அளந்து தோண்டிய குழி அன்று. நடக்கத் தொடங்குபவனின் காலடியிலேயே அது கிடக்கிறது.

ஆகவே வேறொன்று சொல்லி முடிக்கிறேன். விடுமுறையில் என்ன செய்தாய் என்று நண்பர்கள் கேட்டபோது, "மாமா ஆபீசில் இருந்தேன்" என்றேன். பொய். என் மாமா புல் வெட்டுகிறார். இதுவரை கோல்ஃப் தடியைப் பிடித்து ஒரு பந்தும் அடித்ததில்லை. ஆயினும் அந்த மைதானத்தின் ஒவ்வொரு சரிவும் அவருக்கு மனப்பாடம். சாய்தளத்தை நான் நூலில் படித்தேன். அதைக் கண்ணால் காணச் செய்தவர் அவர்.