கிழவர்களின் கார்

முற்போக்குச் சிந்தனைக்கு இடமளிக்கும் ஒரு சஞ்சிகையில், தான் கார் வாங்கிய கதையை ஒருவன் எழுதத் துணிவது விபரீதமாகவே தோன்றும். நாட்சம்பளத்துக்காகப் பெண்கள் மழையில் நனைந்து கொழுந்து பறிக்கும் மலையொன்றிலிருந்து அதை எழுதுவது இன்னும் விபரீதம். ஆயினும், ஒரு பொருளைத் தெரிந்தெடுக்கும் வேளையில் மனிதன் தன்னை அறியாமலே தன் மனோபாவத்தை வெளிப்படுத்திவிடுகிறான். 2024ஆம் ஆண்டில் நான் அதை என்னிடமே கண்டேன். ஆசிரியர்களும் மாணவர்களுமான வாசகர்களோடு அந்த அனுபவத்தைப் பகிர்ந்துகொள்வதில் தவறில்லை என்று கருதுகிறேன்.

உடப்புசல்லாவையில் சக்கரம் என்பது நெடுங்காலமாக வேறு யாருடையதோ ஆகவே இருந்துவந்திருக்கிறது. நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு 1903இலும், அங்கிருந்து கந்தப்பளை வழியாக இராகலைக்கு 1904இலும் ஒரு சிறிய ரயில் ஓடத் தொடங்கியது. இரண்டரை அடி அகலமே கொண்ட அந்தத் தண்டவாளத்துக்கு உடப்புசல்லாவை ரயில்பாதை என்று பெயர். பெயர் எங்கள் ஊருடையது. ரயிலோ இராகலையோடு நின்றுவிட்டது! தேயிலைப் பெட்டிகளின் நலனுக்காக அமைந்த அப்பாதை, தெருவழிப் போக்குவரத்தின் போட்டிக்கு ஈடுகொடுக்க முடியாமல் 1940களில் மூடப்பட்டது. பின்னர் லொறிகளின் காலம் வந்தது. லொறி கொழுந்தை ஏற்றியது, உரமூட்டையை ஏற்றியது. பிரசவ வேதனையில் துடித்த எங்கள் தாய்மாரையும் அதே பலகையில் ஏற்றியது. கார் மட்டும் பங்களாவிலிருந்து இறங்கிப் பங்களாவுக்கே ஏறியது.

அந்தக் காரைக் கழுவியவர் என் தந்தை. 1960களின் பிற்பகுதியில் பெரிய துரையின் பங்களாவில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்த அவருக்கு, விடியற்காலை ஐந்து மணிக்குப் பனிபடிந்த பேஜோ 404ஐத் துடைத்து நிறுத்துவது முதற்கடமை. துரை வரும்போது பின்கதவைத் திறந்துபிடித்து நிற்பது இரண்டாவது கடமை. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. வெள்ளைத் துரை போனார், நம் நாட்டுத் துரை வந்தார். கதவைத் திறந்துபிடிக்கும் கை மாத்திரம் மாறவில்லை.

எனக்குக் கார் தேவைப்பட்டதும் அத்தந்தையின் பொருட்டே. முதுமையும் நோயும் அவரை அடிக்கடி நுவரெலியா வைத்தியசாலைக்கு அழைத்தன. முச்சக்கரவண்டியின் குலுக்கல் அவர் முதுகுக்கு ஆகவில்லை. இருபத்தைந்து ஆண்டுகள் கற்பித்துச் சேர்த்த சிறு தொகையோடும் வங்கிக் கடனோடும் நான் சந்தைக்குப் போனேன்.

நான் போன காலமோ பொல்லாத காலம். அந்நியச் செலாவணி நெருக்கடியின் பேரால் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் நாட்டிலிருந்த பழைய கார்களெல்லாம் தங்கத்தைப்போல விலையேறின. 2022இல் வாரத்துக்கு இருபது லீற்றர் பெற்றோலுக்காக மக்கள் வரிசையில் நின்றார்கள்; அப்போதுங்கூட விலை இறங்கவில்லை. கார் ஓடுவதற்கான பொருள் என்ற நிலை மாறி, ரூபாயின் வீழ்ச்சியிலிருந்து பணத்தைக் காக்கும் பெட்டகமாயிற்று. என் கையிருப்புக்குக் கிடைத்தவை இரண்டு. ஒன்று, சிறிய எஞ்சினுடைய, மிகவும் தேய்ந்த ஜப்பானியக் கார். மற்றொன்று, கண்டியில் ஒரு முதியவர் கவனமாக வைத்திருந்த 1998ஆம் ஆண்டின் பேஜோ 406: நான்கு கதவு, இரண்டு லீற்றர் எஞ்சின், ஐந்து கியர். அதே வயதுடைய நல்லதொரு ஜப்பானியக் காருக்குக் கேட்ட விலையில் பாதிகூட அதற்குக் கேட்கவில்லை.

செய்தி ஆசிரியர் அறைக்கு எட்டியதும் சிரிப்பு எழுந்தது. “அது கிழவர்களின் கார், சேர்,” என்றார் இளம் விஞ்ஞான ஆசிரியர். “வாங்கலாம்; விற்க முடியாது,” என்றார் இன்னொருவர். இரண்டாவது வார்த்தையே என்னைச் சிந்திக்க வைத்தது. நான் இன்னும் வாங்கவே இல்லை. அதற்குள் விற்பனையைப் பற்றி ஏன் பேச வேண்டும்?

இக்கேள்விக்கு விடை தேடும்போது, மாணவர்க்கு நாம் எத்தனையோ முறை விளக்கிய பழைய பாடமே கைகொடுத்தது. 1867இல் கார்ல் மார்க்ஸின் ‘மூலதனம்’ முதற்பாகம் வெளிவந்தது. அதே 1867இல்தான் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அந்நூலின் முதல் அத்தியாயம் ஒரு சரக்குக்கு இரண்டு முகங்கள் உண்டென்று காட்டுகிறது: பயன் மதிப்பு, பரிவர்த்தனை மதிப்பு. என் நண்பர்கள் பேசியது முழுக்க முழுக்க இரண்டாவதைப் பற்றியது. வண்டி ஏற்றத்தில் ஏறுமா, மழையில் பிரேக் பிடிக்குமா, நோயாளியைக் குலுக்காமல் கொண்டுசெல்லுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. நாளை அதை இன்னொருவன் என்ன விலைக்கு மதிப்பான் என்பதே கேள்வி. அந்த இன்னொருவனும் தன் கண்ணால் பார்க்கமாட்டான். அவனுக்கு அடுத்தவனுடைய கண்ணால்தான் பார்ப்பான். இப்படி ஒருவர் கண்ணை ஒருவர் இரவல் வாங்கி அணிந்துகொள்வதையே சந்தையில் ‘பெயர்’ என்கிறார்கள்.

இந்தப் ‘பழைய’ பெயர் எங்கிருந்து வந்தது? பேஜோ குடும்பத்தார் ஆதியில் பிரான்சில் மரம் அறுக்கும் வாளும், 1840 முதல் கோப்பி அரைக்கும் ஆலையும் செய்தவர்கள். 1858இல் பதிவான சிங்க முத்திரை வாள்களுக்கு உரியது. பற்களின் உறுதியைச் சொல்ல வந்தது. அவர்கள் கோப்பி ஆலை செய்த நாட்களில்தான், கோப்பித் தோட்டங்களுக்காக எம் முன்னோர் தமிழகத்திலிருந்து கடல்கடந்து, காட்டுவழியே இம்மலைக்கு நடத்திவரப்பட்டனர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. தேயிலை வந்தது, நாங்கள் இருந்தோம். ஆலை செய்தவர்கள் கார் செய்பவர்களானார்கள்.

அவர்களுடைய 404, ஆபிரிக்காவின் கரடுமுரடான சஃபாரி ஓட்டப் பந்தயத்தில் 1963, 1966, 1967, 1968 ஆகிய நான்கு ஆண்டுகளிலும் வென்றது. 1988இல் அமெரிக்காவின் பைக்ஸ் சிகரத்து மலையேற்றப் பந்தயத்தில் அரி வட்டானன் 405இன் பந்தய வடிவத்தை ஓட்டி வென்றார். பாரிஸ்–டக்கார் பாலைவனப் பந்தயத்திலும் 1989, 1990 இரு ஆண்டுகளும் வெற்றி அதே வண்டிக்கே. அந்த 405இன் அடுத்த தலைமுறைதான், 1995இல் வெளிவந்த 406. இத்தகைய வண்டி கிழவர்களுடையதானது எவ்வாறு? 1950களிலும் 60களிலும் துரைமாரும் வைத்தியர்களும் வழக்கறிஞர்களும் அக்கார்களை வாங்கினார்கள். கார் கெடவில்லை, உடையவர்கள் முதுமையடைந்தார்கள். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டு ஜப்பானியக் கார்கள் பெருகியபோது, இளைஞர் கண்ட பேஜோக்களில் எல்லாம் நரைத்த தலைகளே தெரிந்தன. நீண்டகாலம் உழைத்தது என்ற நற்குணமே பழிச்சொல்லாக மாறியது. உதிரிப்பாகம் எளிதில் கிடைக்காது என்பதும், அதன் மின்னமைப்பை அறிந்த மெக்கானிக் அரிது என்பதும் உண்மையான குறைகள். அவற்றை நான் மறைக்கவில்லை. ஆனால் அவை பட்டியலிட்டு எண்ணக்கூடிய குறைகள். ‘கிழவர்களின் கார்’ என்பதை எந்தப் பட்டியலில் எழுதுவது?

பெயர் ஒட்டப்படுவதன் வலி எங்களுக்குத் தெரியாததன்று. ‘தோட்டக்காட்டான்’ என்ற ஒரு சொல்லால் ஒரு முழுச் சமூகத்தின் விலை குறைக்கப்பட்டதை நாங்கள் அறிவோம். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அச்சொல்லுக்குச் சட்ட முத்திரை குத்தியது. 1964 ஒக்டோபரில் இரண்டு பிரதமர்கள் கையொப்பமிட்டு, ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு என்று எங்களைப் பங்கிட்டார்கள். எஞ்சியோரின் குடியுரிமைக்கு வழிசெய்த சட்டம் 2003இல்தான் வந்தது. இரும்பையும் மனிதரையும் ஒப்பிடுவதாக யாரும் கோபிக்க வேண்டாம், ஒப்பிடுபவன் நானல்லன். மனிதரையும் விலைச்சீட்டோடு நோக்கும் சந்தைதான் இரண்டுக்கும் ஒரே தராசைப் பிடிக்கிறது. அந்தத் தராசால் நிறுக்கப்பட்டவன், தனக்கு வாய்ப்புக் கிடைத்ததும் அதே தராசைத் தூக்கிக்கொண்டு கண்டிக்குப் போவது நியாயமா?

இவ்வளவு வாதித்த நான் ஓர் உண்மையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பயன் மதிப்பு மட்டுமே என்னை இழுக்கவில்லை. நுவரெலியாவில் மஹகஸ்தோட்ட மலையேற்ற மோட்டார்ப் பந்தயம் 1934இல் தொடங்கியது. சிறுவனாக இருந்தபோது, ஏப்ரல் மாதத்தில் அதைக் காணத் தேயிலைச் செடிகளின் நடுவே நின்றிருக்கிறேன். சீறிவந்து, வளைவில் வால் திரும்பி, மேலே மறையும் கார்கள்! அந்தச் சத்தம் என் நெஞ்சில் தங்கிவிட்டது. வேகம் பணக்காரருடையது, பொறுமை நம்முடையது என்றே நாங்கள் வளர்க்கப்பட்டோம். சஃபாரி பந்தயத்தில் 1965இல் ஒரு பழைய வொல்வோவை ஓட்டி வென்ற ஜோகிந்தர் சிங் என்ற கென்யச் சீக்கியரைப் பற்றிப் பின்னாளில் படித்தபோது, அந்தப் பாடம் பொய் என்று கண்டேன். உழைப்பவனுக்கு வேகத்தில் ஆசை வரக்கூடாது என்பதும் ஒரு துரைத்தனமே.

ஆனால் இராகலைப் பாதையில் வேகம் என்பது நேர்க்கோட்டில் பறப்பதன்று. இங்கு நேர்க்கோடே இல்லை. வளைவுக்குள் நுழையும்போது சக்கரம் தெருவைப் பற்ற வேண்டும், ஸ்டியரிங் கைக்கு உண்மை பேச வேண்டும், இறக்கத்தில் பிரேக் சூடேறித் தளரக்கூடாது. ஓட்டிப்பார்த்தேன். ஜப்பானியக் கார் ஏற்றத்தில் மூச்சிரைத்தது. வளைவில் உடலைச் சாய்த்தது. 406 மூன்றாம் கியரில் முணுமுணுப்பின்றி ஏறியது. குழிகளை விழுங்கிக்கொண்டு வளைவில் நிமிர்ந்து நின்றது. அதையே வாங்கினேன்.

வாங்கிய பிறகும் ஒன்று உறுத்தியது. 404கள் உருவான பிரான்சின் சோஷோ தொழிற்சாலையில், 1968 ஜூன் 11 அன்று, வேலைநிறுத்தக்காரர் மீது பொலிசார் நடத்திய தாக்குதலில் இரண்டு தொழிலாளர்கள் மடிந்தனர். அவர்களுள் பியர் பேலோ என்பவருக்கு வயது இருபத்துநான்கு. எங்கள் முல்லோயாத் தோட்டத்தில் 1940 ஜனவரியில் பொலிஸ் துப்பாக்கிக்கு இரையான கோவிந்தனை நாங்கள் மறப்பதில்லை. என் தந்தை இங்கே விடியலில் அந்தச் சிங்கத்தைத் துடைத்த நாட்களில், அதைச் செய்த கைகளும் அங்கே அடிபட்டுக்கொண்டிருந்தன. முத்திரை முதலாளியுடையது. உறுதியோ, வாளுக்கும் காருக்கும், தொழிலாளியின் கைகள் கொடுத்தது.

காரை லயத்தின் கீழே நிறுத்தியதும் தந்தை மெல்ல இறங்கி வந்தார். சுற்றிப் பார்த்தார். தோள்துண்டின் நுனியால் முன்பக்கத்துச் சிங்கத்தைத் துடைத்தார். பிறகு பின்கதவைத் திறந்துபிடித்துக்கொண்டு, ஓரமாக ஒதுங்கி நின்றார். யாருக்காகத் திறந்தார் என்று அவருக்கே தெரிந்திராது.

“நீங்கதாம்ப்பா ஏறணும்,” என்றேன்.

சற்றுநேரம் கதவையே பார்த்தார். அதைச் சாத்திவிட்டு, “முன்னாலயே ஒக்காந்துக்கிறேன், பாத தெரியும்,” என்றார். இராகலைக்கு முந்திய பெரிய வளைவு தாண்டியதும், “தொர இந்த எடத்துல பயந்து பயந்துதான் திருப்புவாரு,” என்று சொல்லிச் சிரித்தார். அந்த முகத்தில் அப்படியொரு சிரிப்பை நான் அதிகம் கண்டதில்லை.

கார் வந்ததால் மலை மாறிவிடவில்லை. அதே மாதத்தில், காலையில் பிள்ளைகளுக்கென்று ஒரு பஸ் கேட்டுப் பெற்றோர் மனு எழுதினார்கள். நான் கையொப்பமிடக் குனிந்தபோது, கொழுந்துக் கூடையோடு வந்திருந்த ஒரு தாய், “ஒங்களுக்குத்தான் காரு இருக்கே, சேர்?” என்று கேட்டார். அந்தக் கேள்வியில் குத்தல் இருந்ததா, வியப்பு இருந்ததா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. “அதுல நாலு பேருதாம்மா ஏறலாம்,” என்று சொல்லிக் கையொப்பமிட்டேன்.