மூன்று நூல்களும் ஒரு நூலும்

ஒரு மொழியை ஆவணப்படுத்த இலக்கணம், அகராதி, உரைத்தொகுப்பு ஆகிய மூன்றும் வேண்டும் என்பது பிரான்ஸ் போவாஸ் வழிவந்த மரபு. மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரமேற்று, பேச்சாலேயே கதை வளர்க்கும் ரோல்-பிளேயிங் விளையாட்டுகளுக்கும் இப்படியொரு மும்மை உண்டு. ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1977 முதல் 1979 வரை தன் விரிந்த வடிவத்தை மூன்று நூல்களாகத் தந்தது: அரக்கர் பட்டியல், ஆடுவோர் கையேடு, ஆட்டத்தை நடத்துபவர் கையேடு. முதலாவது அகராதி போன்றது, இரண்டாவது இலக்கணம், மூன்றாவது, அவற்றைக் கொண்டு கதை நடத்தும் கலை.

இவற்றை ஒரே நூலில் அடக்க இரண்டு வழிகள் கையாளப்பட்டன. ஒன்று, சுருக்குவது. 1991இல் வெளிவந்த ‘ரூல்ஸ் சைக்ளோபீடியா’ விதிகள், மந்திரங்கள், அரக்கர்கள் அனைத்தையும் 304 பக்கங்களுக்குள் கொண்டுவந்தது. மற்றது, விட்டுவிடுவது. ஜேசன் மார்னிங்ஸ்டாரின் ‘ஃபியாஸ்கோ’வில் (2009) ஆட்டத்தை நடத்த ஒருவர் தேவையில்லை; முன்தயாரிப்பும் தேவையில்லை. ஒரு மாலைப்பொழுதில் கதை தொடங்கி முடிந்துவிடும். ஆடுவோருக்கு இடம் விட்டதாலேயே அந்த நூல் முழுமை பெற்றது.

இவ்வழியில் வந்தவற்றுள் மொழியியலாருக்கு மிக நெருக்கமானது கேத்ரின் ஹைம்ஸ், ஹாகான் செயாலியோலு இருவரும் ஆக்கிய ‘டயலெக்ட்’ (2018). மூவர் முதல் ஐவர் வரை ஆடலாம். ஒரு நூலும் ஒரு சீட்டுக்கட்டும் போதும். உலகிலிருந்து துண்டிக்கப்பட்ட ஒரு சமூகத்தை, செவ்வாய்க் கோளில் தனித்துப்போன ஒரு குடியேற்றத்தை என்று வைத்துக்கொள்வோம், ஆடுவோர் வரையறுக்கிறார்கள். அச்சமூகத்தின் இயல்புகளிலிருந்து முறைக்கொரு சொல் பிறக்கிறது; பிறந்ததும் அதைப் பயன்படுத்தி உரையாட வேண்டும். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதை எடுத்துக்காட்டாகச் சொல்லி நாம் பயின்ற குழூஉக்குறி, இங்கே கண்முன் உருவாகிறது. மூன்று காலகட்டங்களுக்குப் பின் அச்சமூகத்தின் தனிமை முடிவுக்கு வருகிறது, மொழியும் மறைகிறது. சொற்கள் எழுதிய தாள்கள் மட்டும் மேசையில் எஞ்சுகின்றன.

புனே நகரத்தார் இத்தகைய தாள்களை வேறொரு வடிவில் அறிவர். எரவாடாவிலுள்ள டெக்கான் கல்லூரியில் 1948இல் எஸ்.எம். கத்ரே தொடங்கிய வடமொழிப் பேரகராதிக்கு ஏறத்தாழ ஒரு கோடி சொற்சீட்டுகள் திரட்டப்பட்டன. அச்சுப் பணி 1976இல்தான் தொடங்கியது. பல தொகுதிகள் வந்த பின்னும் அது அகரத்தைக் கடக்கவில்லை. எதையும் விட்டுவிடக் கூடாது என்ற உறுதியே அதன் பெருமை. முடிவுறாமைக்கும் அதுவே காரணம்.

அதே மகாராஷ்டிரத்தின் புல்டாணா மாவட்டப் பகுதியில் நிகாலி பேசுவோர் ஏறத்தாழ 2,000 பேர். அம்மொழிக்கு உறவுமொழி எதுவும் நிறுவப்படவில்லை. கொர்க்கு, மராத்தி முதலியவற்றிலிருந்து பெற்ற கடன்சொற்கள் மிகுதி. 1962இல் விரிவான ஆய்வு வெளியிட்ட கைப்பர், அதில் மறைமொழிக் கூறு இருக்கலாம் என்ற ஐயத்தையும் எழுப்பினார்.

நிகாலிக்கு ஒரு கோடி சீட்டுகள் சேரப்போவதில்லை. போவாஸின் மூன்று நூல்களும் நிறைவாக அமைந்தால் ஆய்வுலகத்துக்கு அது நற்பேறு. ஆயினும் அம்மூன்றும் அகராதியை நாடுவோருக்கும் ஆய்வேட்டைத் தேர்வு செய்வோருக்கும்தான் முதலில் பயன்படும். ‘டயலெக்ட்’ ஆட்டத்தின் இறுதிச் சுற்று உணர்த்துவது இதையே: தாள்கள் அனைத்தும் பத்திரமாக இருக்கும்போதே ஒரு மொழி இறந்துபோகலாம்.

ஆகவே ஆவணப்படுத்துவோருக்கு நான்காவது கடமை ஒன்றும் உண்டு. அது ஒரு மெல்லிய நூல். பேச்சுத் தொடங்குவதற்குப் போதிய சொற்களும் விதிகளும் மட்டும் அதில் இருக்கட்டும். எஞ்சிய இடம் வெறுமையாக இருக்கட்டும். நிகாலிக் குழந்தைகள் நால்வர் அதைச் சுற்றி அமர்ந்து, நூலில் இல்லாத ஒரு சொல்லைப் புதிதாகச் சொல்வார்களானால், அந்த நூல் முழுமையடைந்துவிட்டது என்று கொள்ளலாம்.